விடை உண்டோ எனும் வினா

கணித நூலைக் கையிலெடுக்கும் மாணாக்கர் பலர், கணக்கைப் படிக்குமுன்னரே கடைசி ஏடுகளைப் புரட்டி விடையைத் தேடுதலை நாம் அறிவோம். வினா ஒன்றிருப்பின் அதற்கு விடையும், அவ்விடையை அடைய ஒரு வழியும் இருந்தே தீரும் என்னும் நம்பிக்கையே இவ்வழக்கத்திற்கு வேராம். அந்நம்பிக்கை முற்றும் பொருந்துவதன்று. அங்ஙனம் பொருந்தாமையைக் கண்டறிந்ததே கணித சாஸ்திரத்தின் பெருமைகளுள் ஒன்று என்பது எமது கருத்து.

1900-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிற் கூடிய கணித மகாநாட்டில், ஜெர்மானியப் பேரறிஞர் ஹில்பர்ட் வருங்காலத்தார் ஆராய்தற்குரிய வினாக்கள் சிலவற்றை எடுத்துரைத்தார். பின்னர் அச்சில் வந்த 23 வினாக்களுள் பத்தாவது இது: முழு எண்களைக் குணகங்களாகக் கொண்ட எச்சமன்பாட்டைக் கொடுப்பினும், அதற்கு முழு எண்களில் விடை உண்டோ இல்லையோ என்பதை முடிவுள்ள படிகளில் தீர்த்துரைக்கும் பொது முறை யாது? வினா எளியதுபோலத் தோன்றும். ஆயினும், மூன்று முழு எண்களின் கனங்களைக் கூட்டி 33 பெறலாகுமோ என்னும் ஒரு சிறு வினாவிற்கே 2019-ஆம் ஆண்டிலேதான் விடை கிடைத்தது. அவ்வெண்கள் ஒவ்வொன்றும் 16 இலக்கமுடையன. தேடிக் கிடைத்தால் ‘உண்டு’ எனலாம். கிடையாவிடின் ‘இல்லை’ எனத் துணிவது எங்ஙனம்?

இவ்விடத்தில் வரையறை என்னும் மற்றொரு வினா எழுகின்றது. கூட்டலும் பெருக்கலும் தருக்கச் சொற்களுமே உள்ள மொழியில் எவற்றைச் சொல்லக் கூடும்? ‘பூச்சியத்திற்குக் குறையாத முழு எண்’ என்பதை, நான்கு முழு எண்களின் வர்க்கங்களைக் கூட்டப் பெறுவது எனச் சொல்லிவிடலாம். இதற்கு ஆதாரமான உண்மையை லக்ராஞ்ச் 1770-இல் நிறுவினார். 1949-இல் ஜூலியா ராபின்சன் அம்மையார், பின்னங்களும் அடங்கிய விகிதமுறு எண்களின் நடுவினின்று முழு எண்களை இம்மொழியாலேயே பிரித்துக் காட்டினார். முழு எண்களைப் பற்றிய கூற்றுக்களின் மெய்பொய்யைத் தீர்க்கும் பொது முறை இல்லையென்பது கோடல், சர்ச், டூரிங் முதலியோரால் 1930-களிலேயே வெளிப்பட்டிருந்தது. ஆகவே விகிதமுறு எண்களுக்கும் அம்முறை இல்லையென்பது பெறப்பட்டது. அவற்றினும் விரிந்த மெய்யெண்களுக்கோ அத்தகைய முறை உண்டென்று தார்ஸ்கி காட்டியுள்ளார். எண்கள் பெருகுவதால் மாத்திரம் சிக்கல் பெருகுவதில்லை. அவற்றைக்கொண்டு எவற்றைச் சொல்லலாகும் என்பதே காரணம்.

ராபின்சன் அம்மையாரும் டேவிஸ், பட்னம் என்போரும் பல்லாண்டு உழைத்துச் சமைத்த பாதையின் இறுதிப் படியை, 1970-இல் 22 வயதே நிரம்பிய ருஷிய இளைஞர் மத்தியசேவிச் கட்டி முடித்தார். ஹில்பர்ட் தேடிய முறை இல்லை; எக்காலத்தும் ஒருவராலும் காணப்படமாட்டாது.

இதனைக் கேட்போர் இருவகையாகப் பிழைபடுகின்றனர். ஒரு சாரார், வேகமான கணிப்பொறிகள் வந்தால் இவ்வெல்லை தகருமென்பர். எல்லை வேகத்தைப் பற்றியதன்று; எத்துணை காலம் அளிப்பினும் எல்லாச் சமன்பாடுகட்கும் பொதுவாய் உதவும் விதி இல்லையென்பதே நிரூபணம். மற்றொரு சாரார், மனித அறிவு பயனற்றதென இதனாற் காட்டப்பட்டதென்பர். அதுவும் தவறே. ‘அறியோம்’ என்பது வேறு. ‘இத்தகைய முறை இல்லையென அறிந்தோம்’ என்பது வேறு. பின்னது அறிவின் தோல்வியன்று, வெற்றியேயாம். அன்றியும், பொது முறை இல்லாமையால் தனிச் சமன்பாடுகள் தீரா என்பதில்லை. 33-க்கு விடை கண்டவாறே 42-க்கும் அவ்வாண்டிலேயே கண்டனர்.

ஆதலின், விடை காணும் பயிற்சியோடு, விடை உண்டோ என ஆராயும் பயிற்சியும் நம் வகுப்புகளில் இடம்பெறல் வேண்டும். ‘விடை இல்லை’ எனக் காரணங்காட்டி எழுதும் மாணாக்கனுக்கும் முழு மதிப்பெண் உரியது. வேலை மீதமில்லையென எவரும் மனந்தளர வேண்டுவதில்லை. ஹில்பர்ட்டின் பத்தாவது வினாவை விகிதமுறு எண்களைக் குறித்துக் கேட்பின், அது இன்னும் தீராதே நிற்கின்றது. அதன் விடையைக் கடைசி ஏட்டில் அச்சிட்ட நூல் எதுவுமில்லை.