ஓசி வாட்ச்மேன்

உங்கள் அபார்ட்மெண்ட்டுக்கு ஒருவர் வருகிறார். "ராத்திரி பகலா காவல் காக்கிறேன். சம்பளமே வேண்டாம். எல்லா வீட்டுச் சாவியும் மட்டும் ஒரு செட் கொடுங்க" என்கிறார். கொடுப்பீர்களா? "அப்ப உனக்குச் சோறு எங்கிருந்துய்யா வருது?" என்று அசோசியேஷன் செக்ரட்டரி கேட்கமாட்டாரா?

அதே செக்ரட்டரி வீட்டு கம்ப்யூட்டரில் ஓர் ஓசி ஆன்டி வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும். அதனிடம் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ஆன்டி வைரஸ் சும்மா வாசலில் நிற்கும் ஆசாமி இல்லை. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் அது பார்க்கிறது. போகிற ஒவ்வொரு இணையதளத்தையும் பார்க்க முடியும். பார்த்தால்தான் அதன் வேலை நடக்கும். ஆகவே அது யார், எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம்.

நான் படித்தது பி.காம். இந்த விஷயத்துக்கு அது போதும். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். வைரஸ்களை ஆராய ஆட்கள், சர்வர்கள், தினசரி அப்டேட் என்று அந்தப் பக்கம் செலவோ செலவு. உங்கள் பக்கம் ரூபாய் பூஜ்யம். அப்படியானால் வரவு எங்கே?

ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் வெளியே வந்தது. அவாஸ்ட். 1988-ல் பிராக் நகரில் ஆரம்பித்து, 2001 முதல் வீட்டுக்காரர்களுக்கு இலவசமாக ஆன்டி வைரஸ் கொடுத்துவந்த கம்பெனி. 2016-ல், தன்னைப் போலவே இலவசம் கொடுத்துவந்த ஏ.வி.ஜி.யை 130 கோடி டாலருக்கு வாங்கியது. ஓசியில் கொடுப்பவர், ஓசியில் கொடுக்கும் இன்னொருவருக்கு 130 கோடி டாலர் தருகிறார்! ஓசியில் பழகியவர்களில் சிலர் பிற்பாடு காசு கொடுத்துப் பெரிய பதிப்பை வாங்குவார்கள் என்பது கணக்கு. அது நியாயமான வியாபாரம். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை.

நிறுத்தவில்லை. ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக, ஜனங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள், எந்த நிமிஷம் போனார்கள் என்கிற விவரத்தை விற்றார்கள். 2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசிமேக் ஆகிய இரண்டு அமெரிக்கப் பத்திரிகைகள் சேர்ந்து இதைப் போட்டு உடைத்தன. அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக இந்த விவரங்களை இனி விற்கக்கூடாது என்றும் உத்தரவு. வாங்கியவர்கள் நூறு கம்பெனிகளுக்கு மேல் என்கிறது ஆணையம். இதில் உச்சகட்டம், 'உங்களை யாரும் இணையத்தில் பின்தொடராமல் தடுக்கிறோம்' என்று சொல்லித்தான் இந்தச் சரக்கை விநியோகித்தார்கள். வேலியே பயிரை மேய்வது என்பார்கள். இங்கே வேலி, மேய்ந்ததை மூட்டை கட்டிச் சந்தையிலும் விற்றது.

"பேரை எடுத்துட்டுத்தானே சார் வித்தாங்க?" ஆமாம். ஆனால் ஒவ்வொரு பிரவுஸருக்கும் தனி அடையாள எண் வைத்திருந்தார்கள். இந்த ஊர், இந்த நேரம், இந்தத் தளம் என்று மாதக்கணக்கில் கோத்தால் ஆள் தெரிந்துவிடும்.

"என்கிட்ட மறைக்க என்ன சார் இருக்கு?" இதுதான் என்னை எரிச்சலூட்டும் கேள்வி. உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர் உங்களுடையது மட்டுமா? மனைவி தன் உடம்புக்கு என்ன என்று டாக்டரிடம் போவதற்கு முன் அதில்தான் தேடுகிறார். பெண்ணுக்கு வரன் பார்ப்பது அதில். பையன் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் கேட்பது அதில். அவர்கள் சார்பில் 'ஐ அக்ரி' பட்டனை அமுக்க உங்களுக்கு யார் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்தது?

காசு கொடுத்தால் மட்டும் யோக்கியர்களா என்றால், அதுவும் இல்லை. 2021-ல் நார்ட்டன், காசு கொடுத்து வாங்கிய தன் ஆன்டி வைரஸுக்குள்ளேயே கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்தது. சம்மதித்தால்தான் ஓடும். கம்ப்யூட்டர் உங்களுடையது, கரண்ட் பில் உங்களுடையது, கமிஷன் 15 சதவிகிதம் அவர்களுக்கு. 2022-ல் நார்ட்டனும் அவாஸ்ட்டும் ஒன்றாகி ஜென் டிஜிட்டல் ஆயின. நார்ட்டன், அவாஸ்ட், ஏ.வி.ஜி., அவிரா எல்லாம் இப்போது ஒரே முதலாளி. ஒன்று பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்கு மாறுவது, ஒரே கல்லாவில் வேறு வரிசையில் நிற்பது.

அப்ப என்னதான் செய்ய? விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. விண்டோஸுக்குக் கொடுத்த காசிலேயே அதுவும் அடக்கம். அந்தக் காலத்தில் அது சோப்ளாங்கிதான். 2012-ல் மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆன்டி வைரஸுக்கு, ஜெர்மனியின் ஏ.வி. டெஸ்ட் பரிசோதனைக்கூடம் சான்றிதழே மறுத்தது. பின்னாட்களில் அதே கூடத்தில் டிஃபெண்டர் பலமுறை முழு மார்க் வாங்கியிருக்கிறது. வெளியிலிருந்து இன்னொரு ஆன்டி வைரஸைக் கொண்டுவந்து போட்டால், டிஃபெண்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். வந்தவரை வெளியேற்றினால் மறுபடி வேலைக்கு வரும். மைக்ரோசாஃப்ட் என்ன புத்தரா என்று கேட்பீர்கள். இல்லை, அதுவும் தகவல் சேகரிக்கிறது. ஆனால் விண்டோஸ் போட்ட அன்றே அது உள்ளே வந்தாயிற்று. ஒருவர் எட்டிப் பார்க்கிறார் என்பதற்காக இன்னொருவருக்கும் ஜன்னலைத் திறந்துவிடவேண்டுமா?

எந்த ஆன்டி வைரஸாக இருந்தாலும் அது பாதி வேலைதான். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே உலுக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துபோனதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு பிரதி எடுத்து, கம்ப்யூட்டரில் மாட்டாமல் பீரோவில் வையுங்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள்.

அப்புறம் அந்த கிராக் வியாபாரம். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு எல்லா சாஃப்ட்வேரையும் திருட்டுத்தனமாகப் போட்டுத் தருகிற சர்வீஸ் தம்பி, கடைசியில் ஓசி ஆன்டி வைரஸ் ஒன்றையும் போட்டு, "இனி பயமில்ல சார்" என்பார். கிராக்கோடு வருகிற குறிப்பைப் படியுங்கள். முதல் வரியே 'ஆன்டி வைரஸை அணைக்கவும்' என்றிருக்கும். திருடன் வாசலில் நின்று, "நாயைக் கட்டிப் போடுங்க" என்கிறான். நாமும் ஓடிப்போய்க் கட்டுகிறோம்.

ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பான் என்று நம்மூரில் கிண்டல் செய்வார்கள். குடிக்கிறவன் தன் வயிற்றைத்தான் கெடுத்துக்கொள்கிறான். நாம் அதை வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.