காத்திருந்த ஆசிரியை
பார்பரா மார்கன் அம்மையாரைப் பற்றி மறுபடியும் வாசிக்க நேர்ந்தபோது, 2007இல் எண்டெவர் விண்கலத்தில் அவர் ஆகாயம் சென்ற வைபவத்தைவிட, 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிச் சக ஆசிரியை கிறிஸ்டா மக்காலிஃப் மாண்ட பிறகு, அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த இவர் அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தைச் சேர்ந்த மக்கால் என்னும் சிற்றூருக்குத் திரும்பி, இரண்டாம் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்னே பழையபடி பாடஞ்சொல்ல நின்றாரே, அந்த வருஷங்கள்தாம் என் சிந்தையை ஆட்கொண்டன. லட்சியம், விடாமுயற்சி என்று நாம் ஆயிரம் உபந்நியாசம் செய்யலாம். ஆனால், அத்தகைய துக்கத்துக்குப் பின்னும் தம் ஆசிரியை விண்வெளி ஆசையைத் துறக்கவில்லை என்பதை அண்மையிலிருந்து அறிந்த அந்தப் பிஞ்சு உள்ளங்கள் பெற்ற போதனைக்கு ஈடான பாடப்புத்தகம் எந்தத் தேசத்திலும் இல்லையென்பது என் திடமான அபிப்பிராயம். அவர்களிற் பலர், ஐம்பத்தைந்து வயதில் அவர் புறப்பட்டபோது, தாமே பெற்றோராகியிருக்கக்கூடும்.