விளிம்பைக் கவனிப்பார் யார்?

மொறட்டுவைத் தச்சர்கள் தேக்கிலும் பலாவிலும் அலுமாரி செய்தபோது விளிம்பு ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. மரத்தின் ஓரமும் மரமே. இன்று கொழும்பின் தொடர்மாடி வீடுகளுக்கு வருபவை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்து, மெலமைன் ஒட்டிய பலகைகள். அறுத்ததும் உள்ளிருக்கும் தூள் வெளியே தெரிகிறது. அதை மூட ஒட்டுகின்ற பி.வி.சி. பட்டியே 'எட்ஜ் பாண்டிங்'. அழகுக்காக மட்டும் ஒட்டுவதல்ல அது; நீர் புகுந்து பலகை ஊதிப்போகாமல் காப்பதும் அதுவே.

ஆனால் நம்மவர்கள் பலகையைத் தெரிவுசெய்ய இரண்டு வாரங்கள் செலவிட்டுவிட்டு, பட்டியைத் தச்சரிடம் விட்டுவிடுகிறார்கள். இப்போது பலரும் விரும்புகின்ற மினுக்கமற்ற 'மேட்' பலகைகளில் இந்த அசட்டை கண்ணைக் குத்துகிறது. மேட் மேற்பரப்பு ஒளியைச் சிதறடிப்பது. அதன் ஓரத்தில் சற்றே பளபளக்கும் பட்டியை ஒட்டினால், நிறம் அச்சொட்டாக ஒன்றாயினும், கதவைச் சுற்றிக் கோடு கிழித்ததுபோல் ஒளிரும். நிறத்துக்கு முன்னரே மினுக்கத்தைப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

பலகையைத் தயாரித்த நிறுவனம் அதே இலக்கத்தில் பட்டியும் தருமாயின் அதையே கேளுங்கள். இல்லையேல் பலகைத் துண்டொன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படம் இதற்கு உதவாது. பட்டியைப் பலகையின்மேல் படுக்கவைத்து ஒப்பிடுவதிலும் பயனில்லை. ஒட்டப்படும் ஓரத்திலேயே வைத்துப் பார்க்கவேண்டும். விளிம்பில் ஒளி வேறு கோணத்தில் விழுவதால் ஒரே நிறமும் வேறாகத் தோன்றும். கடையின் குழல்விளக்கில் பொருந்துவது சமையலறையின் மஞ்சள் வெளிச்சத்தில் பொருந்தாமற் போவதும் உண்டு. வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

18 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. அகலப் பட்டி ஒட்டி, மிகுதியைச் சீவிவிடுவது வழக்கம். கருமையான நிறங்களில் சீவிய இடம் வெளுத்துத் தெரியும். மெல்லச் சூடு காட்டினால் பெரும்பாலும் நிறம் திரும்பும். பொலிஷ் போட்டுத் தேய்க்கவிடாதீர்கள். மேட் பட்டியில் அந்த இடம் மட்டும் பளபளக்கும்.

எவ்வளவு தேடியும் பொருத்தமானது அகப்படாவிடில், ஏறத்தாழ ஒத்ததை ஒட்டுவதைவிட வேண்டுமென்றே மாறுபட்டதைத் தெரிவுசெய்வது மேல். சாம்பல் பலகைக்குக் கறுப்பு விளிம்பு ஒரு தீர்மானமாகத் தெரியும். அரைகுறைச் சாம்பல் தவறாகவே தெரியும்.

கதவுகளுக்கு 1 மி.மீ. தடிப்பு வேண்டும், உள்தட்டுகளுக்கு 0.4 மி.மீ. போதும். நீர்த்தொட்டிக்குக் கீழுள்ள பலகைகளின் கண்ணுக்குத் தெரியாத ஓரங்களிலும் பட்டி ஒட்டவேண்டும். அங்கேதான் பலகை முதலில் ஊதுகிறது. முற்பணம் கொடுக்குமுன் இவற்றையும் பட்டியின் இலக்கத்தையும் கூறுவிலையில் எழுதித்தரச் சொல்லுங்கள்.