தமிழறியாத் தொடுதிரை!

விரல் பட்டவுடன் விரியும் திரையைக் கண்டு உலகம் வியந்தது. 2007 சூன் திங்களில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐபோனை விற்பனைக்கு விட்டது. 2008 ஆகத்துத் திங்களில் அஃது 31,000 உருபா விலையில் இந்தியாவுக்கு வந்தது. கூகுளின் ஆண்டிராய்டுக் கருவிகள் பின்தொடர, சில ஆண்டுகளில் தேனி, போடி, சின்னமனூர், கம்பம் கடைத்தெருக்கள் வரை தொடுதிரை பரவிற்று.

வாங்கிய உழவனுக்கு அக்கருவி எதைக் காட்டிற்று? தமிழில் வந்த செய்தியைத் திறந்தால் வெற்றுக் கட்டங்கள்! வரிசை வரிசையாகக் கட்டங்கள்! எழுத்துத் தோன்றிய சில கருவிகளிலும் கொம்பு ஓரிடம், மெய் ஓரிடம், கால் வேறிடமாகச் சிதறிக் கிடந்தன. ஒருங்குறியில் ‘கெ’ என்னும் எழுத்து, ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே பதியப்பெறும். திரையிற் காட்டுங்கால் கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்தும் கட்டளை கருவிக்குள் இருத்தல் வேண்டும். அக்கட்டளையும் இல்லை, எழுத்துருவும் இல்லை. 2011 அக்தோபரில் வெளியான நான்காம் பதிப்பிலேதான் ஆண்டிராய்டில் தமிழெழுத்துக்கு இடம் கிடைத்தது.

சீனர்க்கோ, 2008-ஆம் ஆண்டிலேயே ஐபோன் திரையில் விரலால் தம் எழுத்தை எழுதும் ஏந்து தரப்பெற்றது. ஆயிரக்கணக்கான வடிவங்கள் கொண்ட அவ்வெழுத்துக்கு இயன்றது, 31 விசைகளில் 247 எழுத்துகளையும் அடக்கிவிடும் தமிழுக்கு இயலாதா? ‘தமிழ்99’ விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது 1999-இல். ஐபோன் பிறப்பதற்கு எட்டாண்டு முன்பு! மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 2005-இலேயே ‘செல்லினம்’ வழியாகக் கைப்பேசியில் தமிழை ஏற்றிக் காட்டினார். ஆப்பிள் தானே தமிழ் விசைப்பலகை தந்ததோ 2013-இல்! தன் மொழியில்லாக் கருவியைச் சீனன் தொடமாட்டான் என விற்போன் கணித்தான். தமிழன் எதைக் கொடுத்தாலும் வாங்குவான் என்பதையும் கணித்தான். இரண்டாம் கணக்கும் பொய்க்கவில்லை.

கேளாத தமிழன் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினான். கம்பமெட்டு, போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் கூலித் தொழிலாளர்க்கு இஃது எத்தகைய இடர்! லகர ளகர ழகரங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. குறில் நெடில் வேறுபாடும் தெளிவில்லை. ‘மழையில் வரவேண்டா’ என விடுத்த செய்தி ‘மலையில்’ என்றும் ‘மாலையில்’ என்றும் படிக்கப்படும். கூலி எழுதினால் குழியாகும், குளியாகும்! நகைக்கத் தோன்றலாம். 2011 திசம்பரில் முல்லைப் பெரியாற்று அணை உரிமைக்காகக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் குமுளி நோக்கித் திரண்டபோது, இடுக்கி மலைத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் அஞ்சி இறங்கி வந்தனர். ஒரு சொல் பிறழ்ந்தாலும் உயிர்க்குக் கேடு சூழ்ந்த அந்நாள்களிலும், மக்கள் கையிலிருந்த தொடுதிரைகளுட் பல தமிழைக் கட்டங்களாகவே காட்டின.

இன்று கருவிதோறும் தமிழ் உண்டு. ஆயினும் கடைக்காரர் புதுக் கருவியை ஆங்கிலத்தில் அமைத்தே கையில் கொடுக்கிறார். ‘தமிழுக்கு மாற்றித் தருக’ என வாங்குவோரும் கேட்பதில்லை. வீடு சென்று, மழை பெய்வதை ஆங்கில எழுத்தில் தட்டி உறவினர்க்கு அனுப்புகின்றனர்.