சந்தைக்கு முன் குழந்தைக்கு

பப்பாளி போட்டிருக்கும் விவசாயி நல்ல பழத்தையெல்லாம் வியாபாரிக்கு எடை போட்டுவிடுகிறார். வந்த பணத்தில் ஐந்து ரூபாய்க்கு பிஸ்கட் வாங்கி வீட்டுக் குழந்தையின் கையில் கொடுக்கிறார். பிஸ்கட்டில் இருப்பது பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். வண்டி ஏறிப் போன பழத்திலோ, உடலில் வைட்டமின் 'ஏ'யாக மாறும் கரோட்டின் சத்து இருந்தது. இது நஷ்டக் கணக்கு.

வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும். நோயைத் தாங்கும் சக்தியும் குறையும். சுகாதார நிலையத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் திரவத்தைத் தவறாமல் கொடுக்க வேண்டியதுதான். அதற்காகப் பழத்தை விட்டுவிடலாகாது.

மஞ்சள் கோடு விழுந்த பழத்தைப் பறித்து வைக்கோலில் வைத்தால் சில நாளில் தானாகப் பழுக்கும். கார்பைடு கல் கூடவே கூடாது. சட்டமும் அதைத் தடுக்கிறது. பழத்தைத் தோலோடு கழுவிய பிறகே நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தோலிலுள்ள அழுக்கைக் கத்தியே சதைக்குள் கொண்டு சேர்க்கும். தோலையும் விதையையும் நீக்கி, கரண்டியால் மசித்தால் ஆயிற்று. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு முதலில் ஒரு தேக்கரண்டி கொடுத்துப் படிப்படியாகக் கூட்டலாம். ஒரு வயதுக்கு மேல், குழந்தையை உட்கார வைத்து, பெரியவர் பக்கத்தில் இருந்து, சிறு துண்டுகளாகத் தரலாம். பால் வடியும் காய் மட்டும் வேண்டாம்.

சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை. தேன் நல்லது என்று பாட்டிமார் சொல்வார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அது ஆபத்து. கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பதால், நெய் விட்ட பருப்புச் சோற்றுக்குப் பின் கொடுப்பது மிக நல்லது. மசித்ததை மாலைக்கென்று மூடி வைக்காமல், மீதியைத் தாய் சாப்பிட்டுவிடலாம்.

விற்பனைக்குப் பயிரிடாதவர்களும் கொல்லையில் ஒரு மரம் வைக்கலாம். கோ.7 ரகத்தில் ஆண் மரம் வராது.  பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடட்டும்; ஆனால் அடியில் தேங்கினால் வேர் அழுகிவிடும். 2008-ல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய மாவுப்பூச்சியை, 2010-ல் வெளிநாட்டிலிருந்து வந்த சிறு குளவி அடக்கியது. மருந்து தெளித்தால் அந்தக் குளவியும் சாகும். பூச்சி தென்பட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, தாக்கிய இலைகளைக் கிள்ளி எரித்துவிட வேண்டும். குழந்தைக்கென்று விட்ட மரத்தின் பக்கம் மருந்துத் தெளிப்பானைக் கொண்டுபோகவே வேண்டாம்.