பாட்டு மட்டும் போதாதா?

இந்தக் கிழமை எபிசோடில் ஸ்ட்ரீமிங் காசு பற்றிக் கதைத்தோம். நேரம் காணாமல் விட்ட ஒரு விஷயம்: கூச்ச சுபாவமுள்ள கலைஞர்கள்.

என் மச்சாள் ஒருத்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அருமையாகப் பாட்டுச் செய்வாள். ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினாள். "பாட்டு நல்லாயிருக்கு. கிழமைக்கு எத்தனை ரீல் போடுவீங்கள்?" என்று கேட்டார்களாம். அதோடு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. "கொஞ்சம் வெளியில வந்து பழகோணும் பிள்ளை" என்றார்கள் வீட்டில். நானும் அதையேதான் சொன்னேன். பிழை என்று இப்போது விளங்குகிறது.

கேட் புஷ்ஷைப் பாருங்கள். 1979இல் ஒரு இசைப் பயணம். அடுத்த கச்சேரித் தொடர் 2014இல். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், 35 வருடம் அவரால் அப்படி இருக்க முடிந்தது. ஏனென்றால் சனம் காசு கொடுத்து ரெக்கோட் வாங்கியது. குடும்பப் பண்ணை வீட்டில் கட்டிய ஸ்டூடியோவில் அவர் உருவாக்கிய 1985 அல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

இன்று ஸ்பொட்டிஃபையில் உங்கள் சந்தா நீங்கள் கேட்ட ஆளுக்கு நேரே போவதில்லை. எல்லாருடைய காசும் ஒரே உண்டியலில் விழுந்து, மொத்தத்தில் யார் பாட்டு எத்தனை தரம் ஓடியது என்ற கணக்கில் பிரிகிறது. 2024இலிருந்து, முந்தைய 12 மாதத்தில் 1,000 தரம் ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்கே கிடையாது. மிச்சத்தை மேடையிலும் டி-ஷர்ட்டிலும்தான் தேடவேண்டும். அதற்கு ஆள் சேர்க்க ரீல். எல்லாத்துக்கும் ஆள் முன்னால் நிற்கவேணும்.

"இப்ப யாரும் அப்லோட் பண்ணலாமே?" என்பீர்கள். உண்மைதான், வாசல் திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே சந்தை, கூவினால்தான் விற்கும்.

வேறு வழி இல்லாமலில்லை. சவுண்ட்கிளவுட் 2021இலிருந்து ஒரு பகுதிச் சிறு கலைஞர்களுக்கு, அவர்களைக் கேட்டவரின் காசையே பிரித்துக் கொடுக்கிறது. பாண்ட்காம்பில் டிஜிட்டல் அல்பம் வாங்கினால் தளம் எடுப்பது வழமையாக 15 சதவீதம். மாதம் ஒரு அல்பம் வாங்குங்கள். ஒரு கோப்பிக் காசு கூடப் போகும், அவ்வளவுதான்.

மச்சாளிடம் ரீல் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டேன். "உன்ர பாட்டை எங்க வாங்கலாம்?" என்று மெசேஜ் போட்டேன். இன்னும் பதில் இல்லை. அவள் அப்படித்தான். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.