டிசம்பரில் என்ன படிக்கப் போகிறோம்?

டிசம்பர் வரப்போகிறது. 6ஆம் தேதிக்குச் சுவரொட்டி அடிக்க, மாலை வாங்க, வேன் பிடிக்க வசூல் தொடங்கியாச்சு. கூண்டுக்குள் நிற்கும் சிலைக்கு அன்றைக்கு மட்டும் பூட்டைத் திறந்துவிடுவார்கள். மாலை போடுவோம், முழங்குவோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் புத்தகங்களை மனசில் வைத்தே பம்பாய் தாதரில் வீடு கட்டிய மனிதருக்கு, 7ஆம் தேதி காலையில் நாம் செய்யப்போவது என்ன? நாலு வாரம், நாலு வாசிப்பு என்று முன்வைக்கிறோம்.

முதல் வாரம், 'சாதி ஒழிப்பு'. 1936இல் லாகூர் ஜாத்-பட்-தோடக் மண்டல் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் பார்த்துவிட்டு வெட்டச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்த அம்பேத்கர், சொந்தக் காசில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. தமிழிலும் உடனே வந்தது. மேற்கோள்களாகவே நமக்குத் தெரிந்த நூல் இது. முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் கூட்டத்தில் கைதூக்கச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது வாரம், இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' (1939). எழுத்து நமக்கு நேத்துதான் வந்தது என்று நம் பிள்ளைகளையே நம்பவைத்திருக்கிறார்கள். எந்தப் பெயரைச் சொல்லி ஒதுக்கினார்களோ அதையே முகப்பில் போட்டு, 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1999இல் ஞான. அலாய்சியஸ் பதிப்பித்த பண்டிதரின் தொகுதிகள் ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. அவற்றுக்கு ஒரு வருஷம் ஒதுக்குவோம்.

மூன்றாவது வாரம், பாமாவின் 'கருக்கு' (1992). இதைத் தனியாகப் படிக்க வேண்டாம். சாயங்காலம் வேலை முடிந்து வரும் பெண்கள் மத்தியில் உரக்க வாசியுங்கள். நம்ம பேச்சிலேயே இருக்கிற நூல். எழுத்து தெரியாத ஆத்தாவும் குறுக்கே பேசுவாள். அந்தக் குறுக்குப்பேச்சுதான் விமர்சனம். மதம் மாறியும் சாதி மாறாத கதை எல்லாச் சேரிக்கும் தெரியும்.

நான்காவது வாரம் 25ஆம் தேதி வருகிறது. 1927இல் அதே நாளில் மகத்தில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். 1968இல் அதே நாளில் கீழவெண்மணியில் கூலி கேட்டதற்காக 44 பேரைக் கொளுத்தினார்கள். நூலை எரித்ததைக் காட்டுமிராண்டித்தனம் என்றவர்கள், மனுசரை எரித்ததற்கு என்ன சொன்னார்கள்? 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீவைத்தார்கள் என்பதை நம்ப அதற்குக் கஷ்டமாக இருந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நிலக்காரனின் ஆண்மைக் குறையில் காரணத்தைத் தேடியது. 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. தீர்ப்பையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கூலியும் சாதியும் இரண்டிலும் எப்படி நழுவிப்போகின்றன என்று பாருங்கள். எதிரியின் பிரதியை வாசிப்பதும் வாசிப்புதான்.

'களத்துல ஆயிரம் வேலை கெடக்கு, படிச்சிக்கிட்டா இருக்க முடியும்?' என்று தோழர்கள் கேட்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவை வழக்கில் சேர்க்கச் சொல்லி நடுராத்திரியில் காவல்நிலையத்தில் வாதாடியவருக்குத் தெரியும், படிக்காமல் போனால் என்ன நடக்கும் என்று. களம் வேறு, புத்தகம் வேறு என்று பிரித்தது யாருக்கு வசதி? நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தியவர்களுக்குத்தான். மாணவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: பிரெஞ்சுச் சிந்தனையாளர் பத்துப் பேரின் பெயர் சொல்லலாம், தப்பில்லை. பதினோராவதாகவாவது பண்டிதரின் பெயர் வர வேண்டாமா?

ஆளுக்கொரு பிரதி வாங்கக் கட்டாது. அஞ்சு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்குங்கள். சுவரொட்டிக் காசில் கொஞ்சம் இதற்கு ஒதுக்குங்கள். கிளை நூலகத்தில் இந்த நூல்கள் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். படித்ததில் எங்கே உடன்படவில்லை என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். பாராட்டுக் கடிதங்கள் வேண்டாம். சண்டை போடுகிற கடிதங்களுக்கு அடுத்த இதழில் இடம் இருக்கிறது.